இசையைப் பி.ஏ. பட்டத்தின் இரண்டு முதன்மைப் பாடங்களில் ஒன்றாகப் படிக்கலாமா? டர்பனிலிருந்து ஒரு கேள்வி

சாட்ஸ்வர்த் தந்தை

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இந்த ஆண்டு தென்னாப்பிரிக்கப் பள்ளியிறுதித் தேர்வான மெட்ரிக் எழுதுகிறாள். எட்டு வயதிலிருந்து கர்நாடக வயலின் கற்று வருகிறாள். வர்ணங்களை முடித்துக் கீர்த்தனைகளுக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. தைப்பூசக் காவடி நாட்களில் கோயிலில் பஜனைக் குழுவோடு அமர்ந்து விடியும்வரை வாசிப்பாள். பள்ளியில் சூலு மொழியிலும் கணிதத்திலும் நல்ல மதிப்பெண்கள் பெறுகிறாள்.

இசைக்கென்றே உள்ள நான்காண்டு பி.மியூஸ். பட்டத்துக்கு அவள் போக விரும்பவில்லை. மூன்றாண்டு பி.ஏ. பட்டத்தில் இசையையும் மொழியியலையும் முதன்மைப் பாடங்களாக எடுக்கப் போவதாகச் சொல்கிறாள். எனக்கு இதில் மறுப்பு ஏதும் இல்லை, ஆனால் மனத்தில் தெளிவும் இல்லை. இசை ஒருவரிடம் முழு நாளையும் கேட்கிற கலை. அதைப் பாதிப் பாடமாக வைத்துக்கொண்டால் எந்தப் பக்கமும் நிறைவடையாமல் என் பிள்ளை வெளியே வந்துவிடுவாளோ என்று அஞ்சுகிறேன்.

என் தந்தை மவுண்ட் எட்ஜ்கோம்பில் கரும்பு ஆலைத் தொழிலாளி. வேலை முடிந்து வந்து கை கழுவியதும் மிருதங்கத்தின் தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) ரவையைப் பூசிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவருக்கு இசை படிப்பாகவும் இருந்ததில்லை, பிழைப்பாகவும் இருந்ததில்லை; ஆனாலும் அவர் அதை அரைகுறையாகச் செய்தார் என்று யாரும் சொன்னதில்லை. ஆகவே பல்கலைக்கழகம் இதில் புதிதாக எதைத் தரும் என்பதே என் கேள்வி. இந்த வழியில் சென்றவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

ஃபீனிக்ஸ் கணக்காளர்

ஐயா, உங்கள் மகளின் திறமையைப் பற்றி எனக்கு ஐயமில்லை. ஆனால் பணத்தையும் நேரத்தையும் எண்ணிப் பார்ப்பது என் தொழில் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் பேசுகிறேன். பி.ஏ. பட்டத்துக்குக் குறைந்தது 360 கிரெடிட்டுகள் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது பத்து மணி நேர உழைப்பு என்பது நம் நாட்டுக் கணக்கு. 16 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு வகுப்பு, வாசிப்பு, பயிற்சி எல்லாம் சேர்த்து 160 மணி நேரம். தினமும் மூன்று மணி நேரம் சாதகம் செய்யும் பெண்ணுக்கு, இரண்டாவது முதன்மைப் பாடத்தின் கட்டுரைகளும் சேர்ந்தால், எந்த நேரம் எஞ்சும்?

வேலை பற்றியும் சொல்ல வேண்டும். என் உறவினர் ஒருவர் இசைப் பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகள் திருமண வரவேற்புகளில் வாசித்தார். பிறகு வங்கியில் சேர்ந்தார். அவர் இப்போது வாத்தியத்தைத் தொடுவதே இல்லை. உங்கள் தந்தையைப் போல் வேலை வேறாகவும் இசை உயிராகவும் இருப்பதே பாதுகாப்பான வழி என்று நினைக்கிறேன். இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

டோங்காட் வயலின் ஆசிரியை

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு இருக்கும் கவலை கையைப் பற்றியது. நாம் தரையில் அமர்ந்து, வயலினின் தலையை வலது கணுக்காலில் ஊன்றி, இடது கையைத் தாங்கும் பொறுப்பிலிருந்து விடுவித்து வாசிக்கிறோம். அதனால்தான் விரல் தந்தியில் நீளமாகச் சறுக்கி ஏற முடிகிறது, சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம் பிறக்கிறது. பல்கலைக்கழகத்தில் நின்றுகொண்டு, தாடையில் பிடித்து, தாளில் உள்ளதைப் பார்த்து வாசி என்பார்கள். என் மாணவி ஒருத்தி இரண்டு பாணிகளையும் ஒரே ஆண்டில் கற்க முயன்று, சில மாதங்கள் எதுவுமே கைக்கு வராமல் அழுதாள். அந்த நிலை இந்தப் பெண்ணுக்கும் வரக் கூடாது.

இரட்டைப் பாடம்

அண்ணா, நான் உங்கள் மகள் கேட்கும் அதே இரண்டு பாடங்களைத்தான் படித்தேன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆசிரியை அம்மாவின் கவலை. அது உண்மை. என் நுழைவுத் தேர்வில் நான் பாயை விரித்து அமர்ந்தபோது, குழுவில் ஒருவர் எழுந்து நின்று வாசிக்க முடியாதா என்று கேட்டார். முடியாது என்று பணிவாகச் சொன்னேன். வாசித்தது அவர்களுக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஐந்து கோட்டுத் தாளை முன்னால் வைத்து உடனே படிக்கச் சொன்னபோது என்னால் இரண்டு வரிகளைக்கூடத் தாண்ட இயலவில்லை. அதற்காக முதலாண்டில் கூடுதலாக ஒரு அடிப்படைப் பாடம் எடுக்க வேண்டி வந்தது. உங்கள் மகள் அதற்கு முன்பே யூனிசா (தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகம்) அல்லது லண்டனின் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இசைக் கோட்பாட்டுத் தேர்வுகளில் ஐந்தாம் நிலை வரையாவது எழுதிவிட்டால் இந்த இடறல் இருக்காது.

இப்போது, பல்கலைக்கழகம் புதிதாக எதைத் தருகிறது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதலாண்டில் ஒரு வகுப்பில் பியானோவோடு சேர்ந்து சங்கராபரண ராகத்தின் ஆரோகணத்தை (ஏறுவரிசையை) வாசித்தேன். சட்ஜமமும் (ச) பஞ்சமமும் (ப) ஏறத்தாழப் பொருந்தின. அந்த ராகத்தின் 'க'வான அந்தர காந்தாரம் வந்ததும் பியானோவின் காந்தாரம் என்னுடையதைவிடக் கொஞ்சம் உயர்ந்து உரசியது. என் விரல்தான் தவறு என்று நினைத்து மேலே தள்ளினேன். என் ஆசிரியை பல ஆண்டுகள் காதைத் திருகிச் சரிசெய்த ஸ்தானம் கெட்டுப்போனது. வகுப்பு முடிந்த பிறகுதான் காரணம் விளங்கியது. தம்பூராவின் சுருதியில் பிறக்கும் காந்தாரம் சட்ஜமத்துக்கு ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில் நிற்கிறது. பியானோவோ ஸ்தாயி எனும் எட்டு சுரத் தொலைவைப் பன்னிரண்டு சமக் கூறுகளாக வெட்டிக்கொண்டது. அதன் காந்தாரம் ஒரு அரைச்சுரத்தின் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு உயர்ந்து நிற்கும். தூய பஞ்சமங்களைப் பன்னிரண்டு முறை அடுக்கிக்கொண்டே போனால் ஏழு ஸ்தாயிகள் தாண்டித் தொடங்கிய சுரத்துக்கே வந்து சேர வேண்டும் என்று தோன்றும். கணக்கிட்டால் 128 வர வேண்டிய இடத்தில் 129.7 வருகிறது. அந்த மிச்சத்தை எங்கே ஒளிப்பது என்பதற்கு ஒவ்வொரு இசை மரபும் தேடிய விடையே அதனதன் சுருதி முறை. என் காது பிழையில்லை என்று எனக்கு அன்று எண்கள் சொல்லின. பத்து ஆண்டுகள் வாசித்தும் எனக்குத் தெரியாமலிருந்த ஒன்று இது, அண்ணா.

இரண்டாவது, மொழியியலோடு சேரும்போது நிகழ்வது. சூலு, சொல்லின் பொருளைக் குரலின் ஏற்ற இறக்கம் மாற்றும் மொழி. இன்யாங்கா என்ற ஒரே எழுத்துக்கூட்டுக்கு ஒரு ஏற்றத்தில் நிலா என்றும் இன்னொன்றில் வைத்தியர் என்றும் பொருள். அப்படியானால் சூலுப் பாடகர் மெட்டமைக்கும்போது சொல்லின் சுருதியை மதிக்க வேண்டுமா, மீறலாமா? இந்தக் கேள்வியை இசைத் துறை மட்டும் கேட்டாலும் விடை கிடைக்காது, மொழித் துறை மட்டும் கேட்டாலும் கிடைக்காது. எங்கள் பேராசிரியர் இந்தக் கேள்வியை வகுப்பில் வைத்தபோது என் மனம் தமிழுக்குப் போனது. நம்மிடம் சுருதி மாறினால் சொல் மாறாது. குறில் நெடிலானால் மாறிவிடும். படம் பாடமாகும், விடு வீடாகும். அப்படியிருக்கப் பாடும்போது குறிலை எப்படி இழுக்கிறோம்?

என் இறுதியாண்டு ஆய்வுக்கு இதையே எடுத்தேன். கோயிலில் மூன்று மூதாட்டியர் பாடிய காவடிப் பாட்டுகளைப் பதிவுசெய்தேன். அவர்களில் இருவருக்குத் தமிழ் பேச வராது. தங்கள் ஆயா (பாட்டி) பாடக் கேட்டுப் பாடியவர்கள். நூற்றுக்கணக்கான முறை நிறுத்தி நிறுத்திக் கேட்டுத் தாளில் எழுதியபோது ஒன்றைக் கண்டேன்: குறிலைப் பாடும் இடங்களில் அவர்கள் மெட்டைக் குறுக்கிக்கொண்டு, அடுத்து வரும் நெடிலிலோ சொல்லின் முடிவில் வரும் மகர ஒற்றிலோ அதை விரித்தார்கள். மொழி நாவைவிட்டுப் போன பிறகும் அதன் அளவு பாட்டுக்குள் தங்கியிருந்தது. மூன்று பாட்டுகளை வைத்துப் பெரிய முடிவு எதையும் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தத் தாளை முடித்த இரவு நான் தூங்கவில்லை.

கணக்காளர் ஐயா கேட்ட நேரக் கணக்குக்கு என் விடை இதுதான். சாதக நேரம் குறைந்தது, மறைக்கவில்லை. வாரம் ஒரு நாள் என் பழைய ஆசிரியையிடம் போவதை மட்டும் எந்தத் தேர்வுக்காகவும் நிறுத்தவில்லை. கை அவரிடம் வளர்ந்தது, காது வேறு இடத்திலும் வளர்ந்தது.

மோக்கா மாணவன்

மொரிஷியஸிலிருந்து எழுதுகிறேன். 1970இல் நிறுவப்பட்ட மகாத்மா காந்தி நிறுவனம் இங்கே மோக்காவில் உள்ளது. கர்நாடக வாய்ப்பாட்டு, வீணை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் ஆகியவற்றைப் பட்டநிலை வரை படிக்க இயலும். நான் மிருதங்கம் படித்தேன். ஆசிரியர் அருகிலேயே இருப்பதும், தாளச் சொற்கட்டைச் சொல்லிக் கையால் திருத்துவதும் பெரிய வரம். டர்பன் நண்பர்கள் அதற்காக வெளியே அலைய வேண்டியிருப்பது வருத்தமே. ஆனால் எனக்கும் ஒரு ஏக்கம் உண்டு. நான் பிறந்த தீவின் செகா இசை 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. என் தாய்மாமன் வீட்டில் செகாவின் தோல் பறையான ரவான் வாசித்தவர். ஆட்டுத்தோலை நெருப்பில் காட்டிச் சூடேற்றி இறுக்குவார். செகாவின் அந்த ஆறு எண்ணிக்கைத் தாளத்தை நான் இன்றுவரை முறையாகக் கற்கவில்லை. இரட்டைப் பாடம் அக்கா சொல்லும் வகுப்பு எனக்கும் அமைந்திருந்தால் அதைக் கற்றிருப்பேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தமிழாசிரியர் (ஓய்வு)

இந்த உரையாடலைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். என் வயது 79. 1961இல் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில், கடற்படையினர் விட்டுச்சென்ற கட்டடங்களில், இந்தியர்களுக்கென்று நிறவெறி அரசு தனியாக ஒரு கல்லூரியைத் திறந்தது. நான் அங்கே படித்தவன். அது 1971இல் பல்கலைக்கழகமாகி, 1972இல் வெஸ்ட்விலுக்கு இடம் மாறி, 2004இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றைய குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகம் ஆயிற்று. எந்தப் பாடத்தை எந்தப் பாடத்தோடு சேர்ப்பது என்பது இருக்கட்டும், எந்த வாசலில் நுழைவது என்பதைக்கூட எங்களுக்காக வேறொருவர் முடிவுசெய்த காலம் அது. சூலு மாணவர் ஒருவரோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து அவருடைய பாட்டைப் பற்றிப் பேசும் வாய்ப்பு என் இளமையில் இல்லை. ஆகவே அந்தப் பெண் எடுக்க நினைக்கும் பாடச் சேர்க்கையை நான் வெறும் பாடச் சேர்க்கையாகப் பார்க்க இயலவில்லை.

இசையைப் பிற படிப்புகளோடு சேர்த்துக் கற்பது குறைபட்ட கல்வி என்ற எண்ணம் நம் மரபுக்குப் புதியது. தமிழை இயல், இசை, நாடகம் என்று மூன்றாகக் கண்டவர்கள் நாம். ஐரோப்பாவின் இடைக்காலக் கல்வியிலும் எண்கணிதம், வடிவியல், வானியல் ஆகியவற்றோடு நான்கில் ஒன்றாக இசை அமர்ந்திருந்தது.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1962இல் ஜான் ஹிக்கின்ஸ் என்ற மாணவர் இசையையும் வரலாற்றையும் இரண்டு முதன்மைப் பாடங்களாகக் கொண்டு பி.ஏ. முடித்தார். பின்னர் அங்கேயே முனைவர் பட்டமும் பெற்றார். அவரைத்தான் சென்னை ரசிகர்கள் ஹிக்கின்ஸ் பாகவதர் என்று அன்போடு அழைத்தார்கள், திருவையாற்றில் பாடியவர். ஒரே இசைக்குள் தொடக்கத்திலிருந்தே அடைந்துகொள்ளாத படிப்புதான் அவரைக் கர்நாடக இசையின் வாசலுக்குக் கொண்டுவந்தது.

இரட்டைப் பாடம்

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. இதை உங்களிடம்தான் கேட்க வேண்டும். ஆப்பிரிக்க இசை வகுப்பில் உமக்வெயானா என்ற சூலு இசைவில்லை எங்கள் கையில் கொடுத்தார்கள். வளைத்த கழி, ஒரே ஒரு கம்பி. கம்பியின் நடுவுக்குச் சற்றுத் தள்ளி ஒரு சிறு வளையத்தால் கழியோடு இழுத்துக் கட்டியிருப்பார்கள். அதனால் கம்பி சமமில்லாத இரண்டு துண்டுகளாகி இரண்டு சுரங்கள் தரும். விரல் முட்டியால் கம்பியை ஒற்றினால் மூன்றாவது சுரம். நடுவில் கட்டிய சுரைக்குடுக்கையின் வாயை மார்பில் ஒட்டியும் விலக்கியும் பிடிக்கும்போது, ஒவ்வொரு சுரத்துக்குள்ளும் மறைந்திருக்கும் மேல்சுரங்கள் ஒவ்வொன்றாக மேலெழும்பும். மெல்லிய குச்சியால் தட்டிக்கொண்டே பாட வேண்டும். நான் முதன்முறை குடுக்கையை மார்பிலிருந்து ஒரு விரற்கடை விலக்கியபோது, தம்பூராவில் கேட்கும் அந்தர காந்தாரம் அந்தக் கம்பிக்குள்ளிருந்து தெளிவாக எழுந்தது. பியானோ என்னிடமிருந்து பறித்த அதே காந்தாரம். நம்மிடம் இப்படி ஒரு வில் இருந்ததா, ஐயா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் தமிழாசிரியர் (ஓய்வு)

இருந்தது, அம்மா. பத்துப்பாட்டில் உள்ள பெரும்பாணாற்றுப்படையில் ஆடு மாடு மேய்க்கும் இடையன் ஒருவன் வருகிறான். தீக்கடைகோலால் துளையிட்ட குழலை ஊதி, அது அலுத்ததும், உள்ளே புழையுள்ள குமிழ மரக் கொம்பை வளைத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டி, வில்யாழ் இசைக்கிறான். அந்தப் பகுதியை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு உரை சொல்லி நடத்தியிருக்கிறேன். கொம்பு, புழை, நார், நரம்பு என்று அருஞ்சொற்பொருள் எழுதிப் போட்டேன். அந்த ஓசை எப்படி இருந்திருக்கும் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. நான் வாழும் இதே மாகாணத்தில், என் வீட்டிலிருந்து சில மைல் தொலைவில் அதன் உறவுக்கார வில்லை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்திருப்பார். இசை தெரிந்த ஒருவர் அருகில் இல்லாமல் நான் அந்த வரிகளைப் பாதிதான் படித்திருக்கிறேன்.

ஃபீனிக்ஸ் கணக்காளர்

நான் முன்பு எழுதியதில் ஒரு பகுதியைத் திருத்திக்கொள்கிறேன். வேலை பற்றிய கவலை எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் விசாரித்ததில் ஒரு வழி தெரிந்தது. பி.ஏ. முடித்து பி.ஜி.சி.இ. என்ற ஓராண்டு ஆசிரியப் பயிற்சி படித்தால் பள்ளி ஆசிரியராகலாம். ஏழு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை உள்ள படைப்புக்கலைகள் பாடத்தில் இசை ஒரு பிரிவு. பத்தாம் வகுப்பிலிருந்து இசை தனிப் பாடம்; அதில் மேற்கத்திய இசை, ஜாஸ், ஆப்பிரிக்க மரபிசை என்று மூன்று பிரிவுகள் உண்டு. ஆனால் மொழியியல் பள்ளிப் பாடமன்று. சூலு பள்ளிப் பாடம். ஆசிரியர் பணிக்கான கதவு திறந்திருக்க வேண்டுமானால், இசையோடு சூலு மொழியை இரண்டாவது முதன்மைப் பாடமாக எடுப்பது நல்லது. தமிழ் வீட்டுப் பெண் ஒருத்தி சூலுவும் இசையும் கற்பிக்கத் தகுதி பெற்றால் பள்ளிகள் விடாது என்று நம்புகிறேன். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டுக்கு மேற்படாதவர்கள் அரசின் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

இரட்டைப் பாடம்

கணக்காளர் ஐயா சொல்வது சரி. இது எனக்கு யாரும் சொல்லாத செய்தி. நான் பட்டம் முடித்த பிறகு ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பித்தபோதுதான் என் இரண்டாவது பாடம் பள்ளியில் இல்லை என்பது தெரிந்தது. கூடுதலாகச் சில பாடங்களை எடுத்து முடிக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. மொழியியலை முதலாண்டில் சேர்த்துப் படித்துப் பார்க்கலாம், அண்ணா. முதன்மைப் பாடமாக எதை முன்னெடுப்பது என்பதைப் பிறகு அவளே முடிவுசெய்யட்டும்.

சாட்ஸ்வர்த் தந்தை

நேற்று இரவு உணவுக்குப் பிறகு இவை எல்லாவற்றையும் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். வில்யாழ் பற்றிய பதிவை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். முதலாண்டில் இசை, சூலு, மொழியியல் மூன்றையும் எடுத்துக்கொண்டு, இரண்டாம் ஆண்டில் எதை முன்னெடுப்பது என்று தீர்மானிக்கப் போகிறாள். பாயில் அமர்ந்தே நுழைவுத் தேர்வில் வாசிப்பேன் என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறாள். கோட்பாட்டுத் தேர்வுக்கு ஒரு ஆசிரியரைப் பார்த்துவிட்டோம். அவருக்குச் சனிக்கிழமை மட்டுமே நேரம் உள்ளது.

டோங்காட் அம்மாவிடம் ஒரு வேண்டுகோள். அவளுடைய இப்போதைய ஆசிரியர் ஆண்டு முடிவில் ஜோகன்னஸ்பர்க் போகிறார். பல்கலைக்கழகக் காலம் முழுவதும் கையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். நீங்கள் அவளை ஏற்பீர்களா?

டோங்காட் வயலின் ஆசிரியை

அழைத்து வாருங்கள். ஞாயிறு காலை ஏழு மணி எனக்கு வசதி. சங்கராபரண வர்ணம் ஒன்றை இரண்டு காலங்களிலும் (வேகங்களிலும்) தயார் செய்துகொண்டு வரட்டும். தம்பூரா என் வீட்டில் இருக்கிறது, கீபோர்டு எதுவும் கொண்டுவர வேண்டாம். அந்தச் சூலு வில்லை எப்போதாவது இரவல் வாங்க முடிந்தால் அதையும் எடுத்து வரச் சொல்லுங்கள். அந்தக் காந்தாரத்தை நானும் என் காதால் கேட்க வேண்டும்.